தலைக்காசும் பட்டாசு அட்வான்ஸும்

இலங்கை மலையகத்துக்கு ஆள் பிடித்த கதையை எழுதுகிறவர்கள் கடலிலும் அட்டைக்கடியிலும்தான் மை செலவழிக்கிறார்கள். பட்டாசுத் தொழில் நடக்கும் எங்கள் தாயில்பட்டி வட்டாரத்துக்காரர் அதைக் கடன் நோட்டிலிருந்து தொடங்கலாம்.

தாது வருஷப் பஞ்சம் 1876-ல் பிடித்தது. மதுரை–தூத்துக்குடி ரயில் வந்ததும் அதே ஆண்டுதான். கரிசலில் விளைச்சல் இல்லை. சாத்தூரில் ஏறினால் தூத்துக்குடி, அங்கே கொழும்புக் கப்பல். அழைத்துப்போக வந்த கங்காணி பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், சொந்தக்காரராகக்கூட இருப்பார். தோட்டத்துரையிடம் முன்பணம் வாங்கி வந்து உள்ளூர்க் கடனை அடைப்பார். அந்தப் பணமும் வழிச்செலவும் சோறும் ஆளின் பேரில் ஏறும். மொரீஷியஸ், பிஜிக்குப் போனவர்களுக்காவது ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று ஓர் எல்லை இருந்தது. இலங்கையில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்றது சட்டம், பாக்கி விடவில்லை. ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. பிறகு அவர் ஏன் கணக்கை முடிக்கப்போகிறார்? தோட்டம் மாற, பாக்கி எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். 1921-ல்தான் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது.

பஞ்சத்திலும் சாதிக்கொடுமையிலும் கிடப்பதைவிட அது மேல் என்று தாமே கிளம்பியவர்களும் உண்டு என்பார்கள். இருக்கலாம்.

எனக்கு உறுத்துவது, அந்தப் பாக்கியைப் போலவே ஆளைக் கட்டிப்போடும் பட்டாசு ஆலைகளின் இன்றைய அட்வான்ஸ். குழாய் உருட்டுகிறவர்களும் சரம் பின்னுகிறவர்களும் காதுகுத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதைத்தான் வாங்குகிறார்கள். வேறு ஆலைக்குப் போக நினைத்தால் முதலில் பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும். மருந்து அறையில் அளவுக்கு மேல் ஆளை உட்கார வைத்தால், கைநீட்டி வாங்கியவர் எப்படி எழுந்து போவார்? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அட்வான்ஸை இங்கே யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. உதவி என்றே சொல்கிறோம், வாங்குகிறவர் உட்பட.

தோட்டத்தில் செத்தவர் கடன் குடும்பத்தின் தலையில் விழுந்தது. இங்கே 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நிவாரணத் தொகை எவ்வளவு என்று கேட்கிறோம். செத்தவர் பேரில் இருக்கும் அட்வான்ஸ் தள்ளுபடி என்று அதே அறிவிப்பில் எழுதித் தரச் சொல்லி ஏன் கேட்பதில்லை?