மலையை அறிந்தவர் முன்னே நடக்க

பூமியின் மையத்திலிருந்து அளந்தால் மிகத் தொலைவில் நிற்கும் உச்சி எவரெஸ்ட் இல்லை. ஈக்குவடோர் நாட்டின் சிம்பராசோ. ஆண்டீஸ் மலைத்தொடரில் 6,263 மீட்டர் உயர்ந்து நிற்கும் எரிமலை அது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் பூமி சற்றே புடைத்திருப்பதால் அதற்கு அந்தப் பெருமை. அந்த எரிமலையின் மேற்குச் சரிவில், மேகம் படிந்த காட்டில், செம்பட்டைச் சிங்கோனா மரங்கள் வளர்ந்தன. 1860-இல் ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளர் அங்கே தங்கி, ஏறத்தாழ ஒரு லட்சம் விதைகளைச் சேகரித்து உலர்த்தினார். அந்தச் சரிவின் கன்றுகளும் விதைகளும் கடல் கடந்து 1861-இல் உதகமண்டலம் வந்து சேர்ந்தன. தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அவற்றை நீலகிரியில் வேரூன்ற வைத்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. மலேரியாவில் நடுங்கிக் கிடந்தவர்களுக்கு அந்தப் பட்டையிலிருந்து கொய்னா கிடைத்தது.

ஓர் எரிமலைச் சரிவின் மரம் நீலகிரியில் எப்படிப் பிழைத்தது? இரண்டும் வெப்ப மண்டலத்தின் உயர்மலைகள். அங்கே ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. ஒரே நாளுக்குள்தான் பெரிதாக மாறும். ஜனவரியில் நீலகிரியின் அவலாஞ்சியில் விடியற்காலை வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அன்று நண்பகலிலேயே வெயில் முதுகைச் சுடும். ஆண்டீஸின் நடு உயரங்களிலும் இதே நிலைதான். இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே விதியை இரண்டு மலைகளுக்கு எழுதி வைத்தவனை எண்ணினால் கை தானாகக் குவிகிறது. நம் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் ஊட்டி உருளைக்கிழங்கின் பூர்வீகமும் ஆண்டீஸ்தான்.

பிறப்பில் மட்டும் இரண்டும் வேறு. ஆண்டீஸின் எரிமலைகள் இளையவை. கடலடித் தட்டு ஒன்று கண்டத்தின் அடியில் சரிந்து இறங்க, ஆழத்தில் உருகிய பாறை மேலெழுந்து கக்கியதில் உருவானவை. நீலகிரி நெருப்பைக் கக்கி எழுந்த மலை அன்று. இதன் உடல் சார்னகைட் பாறை. சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருக்கும் அதே இனம். தரைக்குக் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமியின் அடிவயிற்றில் கிடந்த பாறை இன்று மேகத்துக்கு மேலே நிற்கிறது. மேலே மூடியிருந்த பாறைகளை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்துத் தள்ள, இது மெல்ல மெல்ல உயர்ந்து வெளிப்பட்டிருக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் பாசி படர்ந்து கிடக்கும் ஒரு கரும்பாறையைத் தொட்டால், அந்த ஆழத்தைத்தான் தொடுகிறோம்.

இந்த மலையில் இன்று முறையாக ஏற வேண்டுமானால், வழிகாட்டி இல்லாமல் முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, மாநிலம் முழுவதும் 40 பாதைகளைத் திறந்தது. நீலகிரியின் அவலாஞ்சி – கோலாரிபெட்டா பாதையும் அவற்றில் ஒன்று. மலையடிவாரத்து ஊர்களின் இளைஞர்களையும் பழங்குடி இளைஞர்களையும் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறார்கள். கோடையில் தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். இந்தக் கட்டுப்பாட்டைத் தொந்தரவாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது கருணையாகவே தோன்றுகிறது. நம்மை மலையிடமிருந்தும், மலையை நம்மிடமிருந்தும் காப்பதற்கு நடுவில் ஒருவர் வேண்டும்.

கோலாரிபெட்டா 2,630 மீட்டர். தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்; இடையில் ஏழு மீட்டர் வித்தியாசம்தான். தொட்டபெட்டாவின் உச்சிக்கே வண்டி போகும். கோலாரிபெட்டாவுக்குக் கால்தான் போக வேண்டும். இந்த உயரத்தில் கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் முக்கால் பங்கு கிடைக்கிறது. உலகின் மிக உயரமான எரிமலையான ஓஹோஸ் தெல் சலாதோவின் உச்சியில், 6,893 மீட்டரில், பாதிகூடக் கிடைக்காது. அங்கே வழிகாட்டிகள் ஆட்களை நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உயரத்துக்குப் பழக்குவார்கள். பனி மூடிய எரிமலைகளில் நள்ளிரவு தாண்டியதும் கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் இறுகிய பனி இளகிக் காலை வாரும். நம் மலையிலும் அதிகாலைப் புறப்பாடுதான். காரணம் வேறு. மதியத்துக்குள் மேற்கிலிருந்து மூடுபனி ஏறிவிடும். பத்தடி தூரத்தில் இருப்பவர் முகம் தெரியாது.

கோலாரிபெட்டா பாதையில் எங்களுக்கு முன்னால் நடந்த வழிகாட்டி இளைஞர் அதிகம் பேசாதவர். புல்வெளியில் ஒரு பள்ளத்தைக் கடக்கும்போது மட்டும் நின்று, “இங்க மிதிக்காதீங்க சார், சதசதன்னு இருக்கும். அந்தக் கல்லு மேல கால் வச்சு வாங்க” என்றார். பார்ப்பதற்கு அங்கே தண்ணீரே இல்லை. கையை வைத்து அழுத்தினால் மெத்தை போல் உள்வாங்கியது. விரல்களுக்கு இடையில் கருப்பு நீர் கசிந்தது. பின்னர் அவர் குனிந்து புல்லை விலக்கிக் காட்டிய செடியை, அவர் இல்லாமல் நான் பார்த்திருக்கவே மாட்டேன். ஒரு சாண் உயரம், நூல் போன்ற தண்டு, பிறைநிலா வடிவில் சின்னஞ்சிறு இலைகள். ஒவ்வோர் இலையின் விளிம்பிலும் செந்நிற ரோமங்கள், ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் ஒரு துளி பசை. அந்த வெயிலில் அத்தனையும் மின்னின. ட்ரோசெரா என்கிற பூச்சியுண்ணும் செடி அது. ஓர் இலையில் கொசுவைவிடச் சிறிய பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. சுற்றிலும் இருந்த ரோமங்கள் அதன்மேல் சாய்ந்திருந்தன.

சதுப்பு மண்ணில் தழைச்சத்து குறைவு. வேரால் எடுக்க முடியாததை இலையால் எடுத்துக்கொள் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்? பரிணாமம் என்று அறிவியல் சொல்லும் வழியை நான் மறுக்கவில்லை. அந்த வழியை வகுத்தவனின் பொறுமையைத்தான் வியக்கிறேன்.

நீலகிரியின் உயரத்தில் நிலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். மேடும் சரிவும் புல். மலை மடியும் இடங்களில் மட்டும் குட்டையான, அடர்ந்த, கரும்பச்சைச் சோலை. புல்லுக்கும் சோலைக்கும் நடுவே வரப்பு போட்டது போன்ற துல்லியமான எல்லை. மரம் ஏன் எல்லையைத் தாண்டி வரவில்லை? விடையின் பெரும்பகுதி உறைபனியில் இருக்கிறது. நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக முற்றும். தேயிலைக் கொழுந்து தீய்ந்து கருகும். உதகை பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடிகளைக் கொண்டு மூடி வைப்பார்கள். திறந்த புல்வெளி இரவில் தன் வெப்பத்தை முழுவதும் வானத்துக்கு விட்டுவிடுகிறது. அங்கே முளைக்கும் சோலை மரக்கன்று அந்தக் குளிரில் செத்துப்போகும். சோலைக்குள் இலைக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, கன்று பிழைக்கும். புல்லின் உயிர்முனை தரையை ஒட்டி இருப்பதால் மேலே கருகினாலும் மறுபடி துளிர்க்கும். காட்டுப் பூவரசு மட்டும் தடித்த பட்டையோடு புல்வெளியில் தனித்து நின்று, குளிர்காலத்தில் செக்கச் சிவந்து பூக்கும். அதன் நெருங்கிய சொந்தங்கள் இமயத்தில் இருக்கின்றன.

இந்தப் புல்வெளியை ஆங்கிலேயர் வீண்நிலம் என்று எண்ணினார்கள். சீகை மரமும் கற்பூர மரமும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் நாமும் அதையே தொடர்ந்தோம். சிங்கோனாவுக்காகவும் சோலைகள் அழிந்தன. மருந்து தந்த மரம் என்பதற்காக அந்த இழப்பை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் உண்டானது என்ற வாதமும் நெடுநாள் இருந்தது. 1993-இல் சூழலியலாளர் சுகுமாரும் அவருடைய சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை தந்தது. நீலகிரிச் சதுப்பின் கரிமண்ணைத் தோண்டி, அதிலிருந்த கார்பனை ஆராய்ந்தார்கள். புல் விட்டுச்சென்ற கார்பனும் மரம் விட்டுச்சென்ற கார்பனும் வேறுவேறு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் கணக்கு அந்த மண்ணில் அடுக்கடுக்காக இருந்தது. வறண்ட காலத்தில் புல் விரிந்திருக்கிறது, ஈரம் கூடிய காலத்தில் சோலை விரிந்திருக்கிறது. உழவும் கோடரியும் இந்த மலைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே புல் இங்கே இருந்தது. எங்களை மிதிக்கவிடாமல் அந்த இளைஞர் தடுத்தது அப்படிப்பட்ட மண்ணைத்தான்.

அந்த மண் செய்யும் வேலை பெரிது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. சென்னை ஓராண்டில் பெறும் மழையில் பாதிக்கு மேல் அது. அரபிக்கடலின் ஈரக்காற்று மலைச்சுவரில் மோதி மேலேறிக் குளிர்வதால் இப்படிக் கொட்டுகிறது. புல்லின் வேரும் சதுப்பும் தம்மால் முடிந்ததைப் பிடித்து வைத்து, மழையற்ற மாதங்களில் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. பவானி இந்தத் தென்மேற்கு மூலையில் பிறந்து, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. பைக்காராவின் நீரில் 1932-இலேயே மின்சாரம் எடுத்தார்கள். ஈக்குவடோரிலும் எரிமலைகளின் அடியில் பாராமோ என்ற உயர்புல்வெளி இதே வேலையைச் செய்கிறது. கித்தோ நகரம் குடிப்பது அந்த நீரை.

வரையாட்டை முதலில் கண்டதும் வழிகாட்டிதான். அவர் காட்டிய திசையில் எனக்குப் பாறை மட்டுமே தெரிந்தது. பிறகு அந்தப் பாறையில் ஒரு பகுதி தலையைத் திருப்பியது. முதிர்ந்த கிடா, முதுகில் சேணம் போட்டது போல் வெள்ளிநிறத் திட்டு. கிட்டத்தட்டச் செங்குத்தான சரிவில் அது சாவகாசமாக நடந்து இறங்கியது. குளம்பின் விளிம்பு கடினம், நடுப்பகுதி மிருது. விளிம்பு பாறைப் பிளவைப் பற்ற, மிருதுவான பகுதி வழுக்காமல் பதியும். எந்த மலையேற்றக் காலணியும் இன்னும் எட்டாத வேலைப்பாடு. இமயத்து வரையாட்டின் தம்பி என்றே பலகாலம் இதைக் கருதினார்கள். 2005-இல் மரபணுவைப் பார்த்தபோது, செம்மறி இனத்துக்கு நெருக்கமான தனி வகை என்று தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை.

முக்குருத்தி சிகரமும் தெரியும், 2,554 மீட்டர். அதன் மேற்குப் பக்கம் நேராக நிலம்பூர்க் காடுகளை நோக்கி விழுகிறது. இறந்தவர்களின் ஆன்மாவும் அவர்களுடைய எருமைகளின் ஆன்மாவும் அந்த முனை வழியாகத்தான் மறுஉலகம் போகின்றன என்பது தோடர்களின் நம்பிக்கை. ஆண்டீஸில் 6,739 மீட்டர் உயரமான யுயாயியாக்கோ எரிமலையின் உச்சியில், 500 ஆண்டுகளுக்கு முன்பே இன்கா மக்கள் வழிபாட்டுக்கான கல்மேடை எழுப்பியிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மக்கள், தங்கள் மலையின் விளிம்பில் நின்று ஒரே திசையில் மனத்தைச் செலுத்தியிருக்கிறார்கள். அது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கோலாரிபெட்டாவின் தலைப்பகுதி தெரிந்த இடத்தில் வழிகாட்டி நின்றுவிட்டார். மேற்கிலிருந்து பஞ்சுத்திரளாக மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. “போதும் சார், இதுக்கு மேல வேணாம். திரும்பும்போது பாதை தெரியாது” என்றார். கூட்டத்தில் ஒருவர், இன்னும் கொஞ்ச தூரம்தானே தம்பி என்று கேட்டுப் பார்த்தார். அவர் சிரித்தபடியே தலையை ஆட்டி மறுத்தார். உச்சியைத் தொடாமல் திரும்பியவர்கள் முன்பும் உண்டு. 1802 ஜூனில் ஜெர்மானிய இயற்கையியலாளர் ஹம்போல்ட் சிம்பராசோவில் ஏறியபோது, வழியை ஒரு பெரும்பிளவு மறிக்க, உச்சியைத் தொடாமலே இறங்கினார். அந்த ஏற்றத்தில் கண்டதைக் கொண்டுதான் எந்த உயரத்தில் எந்தச் செடி வளரும் என்ற புகழ்பெற்ற படத்தை வரைந்தார். 1880-இல் ஆங்கிலேய மலையேறி எட்வர்டு விம்பர் அந்த உச்சியை அடைந்தபோது, கரேல் என்ற குடும்பப்பெயர் கொண்ட இத்தாலிய மலைவழிகாட்டிகள் இருவர் உடன் இருந்தார்கள்.

நாங்கள் இறங்கத் தொடங்கினோம். வழியில்தான் அந்த இளைஞர் வரையாட்டுக் கணக்கெடுப்பைப் பற்றிச் சொன்னார். வனப் பணியாளர்கள் தொலைநோக்கியோடு பாறை விளிம்புகளில் நாள் முழுக்க உட்கார்ந்து, கிடா, பெட்டை, குட்டி என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறார்கள். 2024-இன் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,031. அடுத்த ஆண்டு 1,303. அவற்றில் குட்டி எத்தனை என்று கேட்டேன். அதற்குள் அவர் முன்னால் போய், ஓடையின் வழுக்குப் பாறையில் எங்கள் குழுவில் மூத்தவரின் கையைப் பிடித்து இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.