முடிவில்லாக் கூட்டல் – 14: எங்கே தொட்டாலும் 99

இசைத் தொடரைப் போன வாரமே முடித்துவிட்டோம். ஒன்று, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போனாலும் கூட்டுத்தொகை எந்த வரம்புக்குள்ளும் நிற்காது. அது விரியும் தொடர். நிரூபணம் போன இதழில் இருக்கிறது.

இந்த வாரம் சி. டி. ராஜகோபாலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அவரிடம் போக விகிதச் சோதனை தெரிந்திருக்க வேண்டும். அதை ஒரு பத்தியில் முடித்துவிட்டு நகரலாம் என்று உட்கார்ந்து, உதாரணத்துக்கு ராமானுஜனின் தொடர் ஒன்றை அதில் போட்டுப் பார்த்தேன். அதோடு சரி. நாளைக் காலை பத்து மணிக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும். இப்போது இரவு பதினொன்று. தருமபுரியில் கரண்ட் ஒருமுறை போய் வந்தாயிற்று. நான் இன்னும் அந்த விடையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சோதனை எளியது. ஓர் உறுப்பை அதற்கு முந்தைய உறுப்பால் வகுக்க வேண்டும். கூட்டல் கழித்தல் குறியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். தொடரின் உள்ளே போகப் போக இந்த விகிதம் எந்த எண்ணை நெருங்குகிறது? ஒன்றுக்குக் குறைவானால் தொடர் குவியும். ஒன்றுக்கு மேலானால் விரியும். சரியாக ஒன்று என்றால் சோதனை வாய் திறக்காது.

ராமானுஜன் 1914-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒன்றைப் பையால் (π) வகுத்தால் வரும் எண்ணுக்கு ஒரு தொடர் கொடுத்தார். ஒவ்வோர் உறுப்பிலும் மூன்று பகுதிகள். ஒன்று, காரணீயப் பெருக்கங்களால் ஆன பின்னம்: உறுப்பின் வரிசை எண்ணை (சுழியிலிருந்து எண்ண வேண்டும்) நான்கால் பெருக்கி அதன் காரணீயப் பெருக்கம் மேலே, வரிசை எண்ணின் காரணீயப் பெருக்கம் நான்காம் அடுக்கில் கீழே. அடுத்தது, 1103-ல் தொடங்கி உறுப்புக்கு உறுப்பு 26390 கூடும் ஓர் எண். கடைசியாக, வகுக்கும் இடத்தில் 396-ன் அடுக்கு. அது உறுப்புக்கு நான்கு ஏறும். 1103, 26390, 396. எங்கிருந்து பிடித்தார் என்று யாரையும் மலைக்க வைக்கும் எண்கள்.

இனி வகுத்துப் பாருங்கள். காரணீயப் பெருக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 256-ஐ நெருங்கும். 1103 பகுதியின் விகிதம் போகப் போக ஒன்றாகிவிடும். கீழே 396-ன் நான்காம் அடுக்கு நிற்கும். 256 என்பது நான்கின் நான்காம் அடுக்கு. 396 என்பது நான்கு பெருக்கல் 99. நான்குகள் முழுக்க அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது 99-ன் நான்காம் அடுக்கில் ஒரு பங்கு: 9,60,59,601-ல் ஒன்று. தொடருக்கு வெளியே வகுத்துக்கொண்டு நிற்கும் 9801-ஐப் பாருங்கள். அது 99 பெருக்கல் 99. தாறுமாறாக இறைந்து கிடப்பதாக நான் இத்தனை வருடம் நினைத்திருந்த எண்களுக்குள் ஒரே 99 ஒளிந்திருந்திருக்கிறது. பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன்.

குவிவது மட்டுமில்லை, குவிகிற வேகத்தையும் அந்த விகிதம் சொல்லிவிடுகிறது. அடுத்தடுத்த உறுப்பு ஏறக்குறைய ஒன்பதரைக் கோடி மடங்கு சிறியது. ஆகவே ஓர் உறுப்பைச் சேர்த்தால் பையின் எட்டு இலக்கங்கள் கூடுதலாகக் கிடைக்கும். முதல் உறுப்பு மட்டுமே 3.1415927 வரை கொண்டுவந்துவிடுகிறது. 1985-ல் பில் காஸ்பர் இதே தொடரைக் கணினியில் ஓட்டி ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களை எடுத்தார். அப்போது இந்தச் சூத்திரத்துக்கு முழு நிரூபணம்கூடக் கிடையாது. போர்வைன் சகோதரர்கள் பிறகுதான் கொடுத்தார்கள். எங்கள் ஒகேனக்கல்லில் விழுகிற தண்ணீர் மேட்டூர் தாண்டிப் போய்த் தொடுகிற ஈரோட்டில் பிறந்து, அதே காவிரிக்கரைக் கும்பகோணத்தில் வளர்ந்து, மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்த பையன் ராமானுஜன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

சோதனை வாய் திறக்காத இடத்தையும் இந்த வாரம் கையால் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். வீட்டுக்காரரின் மகள் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இருவருமாக எங்கள் திண்ணை விளிம்பில் ஐந்து சூளைச் செங்கற்களை அடுக்கினோம். கல்லின் நீளம் ஒன்பது அங்குலம். மேல் கல் நாலரை அங்குலம் நீட்டலாம், அதற்கடுத்தது இரண்டே கால், பிறகு ஒன்றரை, பிறகு ஒன்றே அரைக்கால், கடைசியில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. கணக்கை மேலிருந்து போட்டு, கல்லைக் கீழிருந்து வைத்தோம், ஒவ்வொன்றையும் நூலளவு உள்ளே தள்ளி. மேல் கல் முழுசாகத் திண்ணைக்கு வெளியே அந்தரத்தில் நின்றது. மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார். “இன்னும் ஒரு விரக்கடை நீட்டுனா கொட்டிடும் சார்” என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் கல் போட்டுக்கொண்டே போனால் எவ்வளவு தூரமும் நீட்டலாம்: இரண்டு கல் நீளத்துக்கு 31 கல், மூன்றுக்கு 227. மூன்று அங்குலக் கனத்தில் அது 57 அடி உயரம். நீட்டும் அளவுகள் இசைத் தொடரின் பாதி, விரியும் தொடர். அவற்றின் விகிதம் ஒன்றை நெருங்கும். சோதனை மௌனம்.

அந்தப் பெண் கேட்டாள்: “விகிதம் ஒன்னுன்னு வந்தாலே விரியும்னு வெச்சுக்கலாமா சார்?” கூடாது. ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்துக்கொண்டே போனால் பையில் கால் பங்கு வரும். பதினான்காம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவன் கண்ட தொடர் இது. இங்கும் விகிதம் ஒன்றைத்தான் நெருங்குகிறது, ஆனால் தொடர் குவிகிறது. நத்தை வேகம், ஆயிரம் உறுப்பு கூட்டினாலும் 3.1406-ல் நிற்போம். மாதவன் மரபினர் கடைசியில் ஒரு திருத்தத்தைச் சேர்த்து அந்த நத்தையை ஓட வைத்தார்கள்.

அந்தத் திருத்தத்தை நம் காலத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர்தான் ராஜகோபால். திருவல்லிக்கேணியில் 1903-ல் பிறந்தவர், கணித அறிஞர் ஆனந்த ராவின் மாணவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஆசிரியர், 1955 முதல் ராமானுஜன் கணித நிறுவனத்தின் தலைவர். விகிதச் சோதனை மௌனமாகும் இடத்தில் வேறு என்னென்ன சோதனைகள் பேசும் என்பதும் அவருக்குப் பிடித்த கேள்வி. அவர் அடுத்த வாரம்.

ஐந்து கல்லும் திங்கள் மதியம் வரை நின்றன. சுவர் வேலைக்குக் கல் குறைகிறது என்று மேஸ்திரி எடுத்துக்கொண்டு போனார், மேலிருந்து ஒவ்வொன்றாக.