வீதம் ஏறவில்லை, வரி மட்டும் ஏறியது எப்படி?

கண்டி மாநகர சபைக்குச் செலுத்தும் சோலைவரியை முழு ஆண்டுக்கும் ஒரே தடவையில் கட்டி 10 சதவீதக் கழிவு பெற ஜனவரி 31ஆம் திகதி வரைதான் அவகாசம். திகதி நெருங்க நெருங்க எங்களுக்கு வரும் கடிதங்களும் கூடுகின்றன. கட்டுக்கலையிலிருந்து, மஹய்யாவையிலிருந்து, அம்பிட்டியப் பக்கமிருந்து எழுதுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “வீதத்தைக் கூட்டவில்லை என்று சபையில் சொல்கிறார்கள். பிறகு எப்படி என் வீட்டுக்கு வரும் தொகை கூடியது?”

சபையில் சொல்வது உண்மை. உங்கள் தொகை கூடியதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் கழிவுக் கணக்கை முடித்துவிடுவோம்.

வருடத்துக்கு 6,000 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக்குள் முழுவதையும் கட்டினால் 5,400 ரூபாயுடன் முடிந்துவிடும். காலாண்டுக்குக் காலாண்டு, அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதக் கழிவு. அப்போது 1,425 ரூபாயாக நான்கு தடவை, மொத்தம் 5,700. வித்தியாசம் 300 ரூபாய். அந்த 300 ரூபாய்க்காக நீங்கள் 3,975 ரூபாயைச் சராசரியாக ஆறு மாதம் முன்கூட்டியே கொடுக்கிறீர்கள். வருட வட்டியாகப் பார்த்தால் ஏறக்குறைய 15 சதவீதம். சும்மா கிடக்கும் பணம் கையில் இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். நகையை அடகு வைத்துக் கட்ட வேண்டாம். அடகு வட்டி இந்த ஆதாயத்தை விழுங்கிவிடும். சபை இதைச் சலுகை என்று அறிவிக்கிறது. ஆனால் பண்டிகைச் செலவும் பாடசாலைச் செலவும் ஒன்றாக வரும் ஜனவரியில் கையில் காசு மிஞ்சியிருப்பவர்களுக்கு மட்டுமே அது சலுகை.

இனி விடயத்துக்கு வருவோம்.

இல்லாத வாடகைக்கு வரி

வரிப்பத்திரத்தில் இரண்டு இலக்கங்களைப் பெருக்கித்தான் உங்கள் தொகை வருகிறது. ஒன்று வீதம். மற்றது வருடாந்தப் பெறுமதி. வீதத்தைச் சபை தீர்மானிக்கிறது, மேலிடத்து அங்கீகாரமும் அதற்கு வேண்டும். அது கூட்டத்தில் பேசப்படும், பத்திரிகையில் வரும், உறுப்பினர்கள் எதிர்ப்பார்கள். வருடாந்தப் பெறுமதிக்கு அந்த வெளிச்சம் கிடையாது. அரசாங்க விலைமதிப்பீட்டுத் திணைக்களத்தின் அதிகாரி வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். பிறகு ஒரு நாள் தபாலில் நோட்டீஸ் வரும்.

அந்தப் பெறுமதி உங்கள் வீட்டின் விற்பனை விலை அல்ல. நீங்கள் கட்டச் செலவழித்த தொகையும் அல்ல. வரிகளைத் தான் கட்டுவதாகவும் பழுது பார்ப்பதை வீட்டுக்காரர் ஏற்பதாகவும் வைத்துக்கொண்டு, இந்த வீட்டுக்கு ஒரு குடித்தனக்காரர் வருடத்துக்கு நியாயமாக என்ன வாடகை தருவார்? அந்த ஊகத் தொகைதான் வருடாந்தப் பெறுமதி. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சொல்வதும் இதைத்தான். வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா, விடும் எண்ணமாவது உண்டா என்று யாரும் கேட்பதில்லை. நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கும், யாருமே தராத ஒரு வாடகையை மனதில் கணக்கிட்டு, அதன் மேல் வரி போடுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் புத்திசாலித்தனம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வருமானத்தை மறைக்கலாம், வங்கிக் கணக்கை மறைக்கலாம், வீட்டை மறைக்க முடியாது. உரிமையாளர் எங்கே இருந்தாலும் சுவர் இங்கேதான் நிற்கிறது. 1865இல் கண்டிக்கு மாநகர சபை வந்த காலத்திலிருந்து உள்ளூராட்சி இந்த வகை வரியை நம்பியிருப்பதற்கு அதுவே காரணம்.

கவலைப்பட வேண்டியதும் இருக்கிறது. குளத்தைச் சுற்றிய மேட்டில், ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழும் ஒரு மூதாட்டியின் பழைய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாக விருந்தினர் விடுதிகளாகின்றன. பெரஹெர நாட்களில் அங்கே அறைக்கு என்ன விலை என்பது கண்டியில் எல்லோருக்கும் தெரியும். வீதியின் வாடகை மட்டம் ஏறுகிறது. அடுத்த மதிப்பீட்டில் அவருடைய வீட்டின் ஊக வாடகையும் ஏறும். ஓய்வூதியம் மட்டும் ஏறாது. சந்தையில் நடப்பதை இந்த முறை அளந்துகொள்கிறது. உள்ளே குடியிருப்பவரால் கட்ட முடியுமா என்பதை அது அளப்பதே இல்லை.

‘வீதம் மாறவில்லை’ என்றால் என்ன பொருள்?

ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையில் அது பல சபைகளில் பின்தள்ளிக்கொண்டே போகும். பத்தாண்டுக்கு மேல் அசையாமல் கிடந்த இலக்கம் ஒரே நாளில் துள்ளும். வாசகர்களைக் குழப்பும் இடம் இதுதான்.

கணக்குக்காக ஓர் உதாரணம். உங்கள் வீட்டின் பழைய வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபாய். வீதம் 10. வரி 6,000. மறுமதிப்பீட்டில் பெறுமதி 150,000 ஆகிறது. வீதம் அதே 10. வரி 15,000. “வீதத்தை ஒரு சதம்கூட உயர்த்தவில்லை” என்று சபை சொல்லலாம், அது பொய்யாகாது. ஆனால் நீங்கள் கட்டுவது இரண்டரை மடங்கு. நகரம் முழுவதும் பெறுமதி இதே அளவில் ஏறியிருந்தால், மக்களிடம் கூடுதலாக வாங்காமலிருக்க சபை வீதத்தை 4 ஆகக் குறைத்திருக்க வேண்டும். குறைக்காமல் விட்டதும் வரியை உயர்த்தியதும் ஒன்றுதான். ஆகவே “வீதம் ஏறவில்லை” என்று யாராவது சொன்னால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: சென்ற வருடம் மொத்தமாக எவ்வளவு அறவிட்டீர்கள், இந்த வருடம் எவ்வளவு அறவிடப் போகிறீர்கள்?

மறுமதிப்பீடே கூடாது என்று நான் வாதாடவில்லை. அது தள்ளிப்போவதும் அநியாயம்தான். பழைய பதிவில் ஒற்றை மாடி வீடாகவே இருக்கும் கட்டடம் இன்று மூன்று மாடியாக நிற்கலாம். அதன் உரிமையாளர் கட்ட வேண்டியதன் ஒரு பகுதியை ஒழுங்காகப் பதிந்தவர்கள் சுமக்கிறார்கள். சபை மறுமதிப்பீட்டைச் செய்யட்டும். ஆனால் அதன் மறைவில் வரியை உயர்த்தக் கூடாது. உயர்த்தத்தான் வேண்டும் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி உயர்த்த வேண்டும்.

ஊக வாடகை முறை பிரித்தானியரிடமிருந்து வந்தது. 1836இல் அங்கே இயற்றப்பட்ட சட்டத்தில் இதே அளவுகோல் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்து 1990இல் குடியிருப்பு வீடுகளுக்கு அந்த முறையைக் கைவிட்டது. தில்லி 2004இலும் பெங்களூர் 2008இலும் கட்டடத்தின் பரப்பளவு, பகுதி, பயன்பாடு ஆகியவற்றை வைத்து உரிமையாளரே கணக்கிடும் முறைக்கு மாறின. அந்த முறைகளிலும் குறை உண்டு. ஆனால் எந்த இலக்கம் எங்கிருந்து வந்தது என்பதை வீட்டுக்காரரே காகிதத்தில் சரிபார்க்கலாம். நம் வீட்டுக்கு வரும் நோட்டீசில் விடை மட்டும் இருக்கிறது. அதைக் கண்ட வழி இல்லை.

நோட்டீஸ் வந்ததும் என்ன செய்வது?

நோட்டீசை மேசையில் விரித்து வைத்து மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, வரி இலக்கமும் வீதிப் பெயரும் உங்களுடையவைதானா? 12க்கும் 12/1க்கும் இடையிலான தவறு சாதாரணமாக நடக்கும். இரண்டாவது, ஆதனத்தின் விவரம். வீடு என்று இருக்க வேண்டிய இடத்தில் கடை என்று இருந்தால் வீதமே மாறிவிடலாம். மூன்றாவது, வருடாந்தப் பெறுமதி. அதை 12ஆல் வகுத்துப் பாருங்கள். வருவது மாத வாடகை. அந்த வாடகைக்கு உங்கள் வீட்டை எடுக்க ஒருவர் வருவாரா? வரமாட்டார் என்றால் உங்களிடம் ஆட்சேபனை இருக்கிறது.

கண்டியைப் பொறுத்தவரை இது வெறும் பேச்சல்ல. நம் வீடுகளில் பாதி சரிவில் நிற்கின்றன. வீதியிலிருந்து அறுபது படி ஏற வேண்டிய வீட்டுக்கும் வாசல்வரை வாகனம் போகும் வீட்டுக்கும் ஒரே வாடகை கிடைக்காது. பின்சுவர் ஈரம், மண்சரிவு அபாயம், புனித நகர எல்லைக்குள் மாற்றிக் கட்டத் தடை எல்லாம் வாடகையைக் குறைப்பவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயமானது என்று அறிவித்த வீட்டுக்கு எந்தக் குடித்தனக்காரர் வருவார்? அந்த அறிவிப்பின் பிரதியை ஆட்சேபனையுடன் இணையுங்கள். பக்கத்தில் அதே அளவு வீட்டின் உண்மையான வாடகை ஒப்பந்தம் கிடைத்தால் அதுவும் நல்ல சான்று.

ஆட்சேபனை எழுத்தில் இருக்க வேண்டும், நோட்டீசில் குறித்த திகதிக்குள் போய்ச் சேர வேண்டும், கொடுத்ததற்கு முத்திரையிட்ட பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். கருமபீடத்தில் வாய்ப்பேச்சாகச் சொன்னது கணக்கில் வராது. சபையின் முடிவும் திருப்தி தராவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமையைச் சட்டமே தருகிறது. அதற்கும் குறுகிய கெடு உண்டு என்பதால் சட்டத்தரணியைப் பார்க்கத் தாமதிக்க வேண்டாம்.

பெறுமதியை எந்த அடிப்படையில் கணக்கிட்டார்கள் என்று சொல்ல மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாநகர சபையும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எந்தெந்த வீடுகளின் வாடகையோடு என் வீட்டை ஒப்பிட்டீர்கள் என்று நேராகக் கேளுங்கள்.

மற்றக் கேள்விகள், சுருக்கமாக

குப்பை அள்ளாவிட்டால் வரியை நிறுத்தலாமா? கூடாது, இது சேவைக் கட்டணம் அல்ல, வரி.

கட்டாமல் விட்டால்? நிலுவையுடன் வாரண்ட் கட்டணம் சேரும், பிறகு பொருட்களைக் கைப்பற்றலாம், கடைசியில் வீட்டையே ஏலம் விடலாம்.

வங்கி கேட்கும் ‘சபைக்கு உரித்தாகவில்லை’ என்ற சான்றிதழ் எதற்கு? நிலுவைக்காக அந்த ஆதனம் சபையின் கைக்குப் போய்விடவில்லை என்பதை உறுதிசெய்ய.

வீட்டை வாங்கி வருடங்களாகியும் பத்திரம் பழையவர் பெயரிலேயே வருகிறது? உறுதியின் பிரதியோடு போய்ப் பெயரை மாற்றுங்கள்.

வரி கட்டுபவருக்கு வீடு சொந்தமாகிவிடுமா? ஆகாது, உரிமையைச் சொல்வது உறுதிதான், வரிப் பதிவேடு அல்ல.

வெறும் காணிக்கும் வரி உண்டா? உண்டு.

தண்ணீர்க் கட்டணம் இதில் சேருமா? சேராது, அது தனிப் பட்டியல்.

கம்பளை, நாவலப்பிட்டி, வத்தேகம, கடுகண்ணாவ? அவை நகர சபைகள். வரி முறை இதேதான், சட்டம் வேறு.

குண்டசாலை, அக்குறணை போன்ற பிரதேச சபைப் பகுதிகள்? அபிவிருத்தியடைந்த பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் மட்டும் சோலைவரி.

2024இல் சர்வதேச நாணய நிதியத்தின் ஆவணத்தில் வந்த ‘ஊக வாடகை வரி’ இதுதானா? இல்லை, அது மத்திய அரசின் வருமான வரி யோசனை, மாநகர சபை வரியோடு சேராது.

கட்டக்கூடியவர்கள் 31ஆம் திகதிக்குள் கட்டிவிடுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வரும்போது அதை அலுமாரியில் போட்டுவிடாதீர்கள். ஆட்சேபனைக் காலம் கடந்தால் அந்த இலக்கம் பல வருடங்களுக்கு உங்கள் தலையில்தான். மாநகர சபையிடம் கேட்பது ஒன்று: புதிய பெறுமதியை அறிவிக்கும்போது, பழைய மொத்த வருமானத்தையும் புதிய மொத்த வருமானத்தையும் அருகருகே மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். தாங்கள் கூடுதலாக எவ்வளவு கட்டப் போகிறோம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை வரி கட்டுபவர்களுக்கு இருக்கிறது.