பழைய கை ட்ரக்டர் வாங்கப் போகிறீர்களா? இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்

உடப்புசல்லாவையில் மரக்கறித் தோட்டம் என்றால் பெரும்பாலும் கால் ஏக்கர், அரை ஏக்கர்தான். தேயிலை மலைகளுக்கு இடையே படிப்படியாக வெட்டிய நிலம். லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் விளையும். விளைந்ததை வீதிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரும்பாடு. எருவும் விதைக்கிழங்கும் ஒரு பக்கம் இறங்க வேண்டும், அறுவடை மூட்டை மறுபக்கம் ஏற வேண்டும். பகலெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்த தலையும் முதுகும்தான் அதையும் சுமக்கின்றன. ஆகவே, பழைய இயந்திரம் ஒன்றைக் கூட்டாக வாங்கினால் என்ன என்ற பேச்சு எங்கள் பெண்களிடையே எழுந்தது. அதற்காக நான்கைந்து இயந்திரங்களைப் போய்ப் பார்த்தேன். பார்த்ததில் அறிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

வெளிநாட்டுப் பண்ணைகளில் டெலிஹேண்ட்லர் என்றொரு வண்டி உண்டு. நீண்ட இரும்புக் கையை நீட்டி, பாரத்தைத் தூக்கி உயரத்தில் அடுக்கிவிடும். இங்கிலாந்தின் ஜேசிபி கம்பனி தனது முதல் வண்டியை 1977 இல் விற்பனைக்கு விட்டது. ஆனால் அது பல தொன் எடையுள்ளது. எங்கள் வரம்பில் அதற்கு நிற்கக்கூட இடமில்லை. நமக்குப் பொருந்துவது இரண்டு சில்லுக் கை ட்ரக்டரும் அதன் பின்னால் பூட்டும் பெட்டியும்தான். வன்னியில் லேண்ட்மாஸ்டர் என்பார்கள். அது ஒரு ஆங்கிலக் கம்பனியின் பெயர். குபோட்டாவும் சீன இயந்திரங்களும் வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1977, 1983 கலவரங்களில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் இதை ஓட்டத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவம் பெரிது. ஆனால் அது சமதரை அனுபவம்.

முதலில் எஞ்சின். விற்பவர் நீங்கள் வருமுன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் நம்பாதீர்கள். ஆறிய எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு நீங்களே கம்பியைச் சுற்றிப் பாருங்கள். பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடியுங்கள். கம்பி திருப்பி அடித்தால் கை தப்பும். உங்கள் கைக்கு ஸ்டார்ட் ஆகாத இயந்திரம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஒவ்வொரு காலையும் அடுத்த வீட்டு ஆணைக் கூப்பிடவா வாங்குகிறோம்?

நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. எஞ்சின் வேலை பெரிதாக இருக்கும். கறுப்புப் புகைக்குக் காற்று வடிகட்டி அடைபட்டிருப்பதும் காரணமாகலாம். அது சிறு செலவு. கியர் பெட்டி ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வயல் சேற்றில் உழைத்த இயந்திரத்திலும் வெள்ளத்தில் மூழ்கியதிலும் இப்படி இருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளம் வந்த பிறகு இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். புதுப் பெயின்ற் பூசியிருந்தால் ஏன் பூசினீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இனி முக்கியமான விடயம். கை ட்ரக்டரின் இரு பிடிகளிலும் திருப்புவதற்கான கிளச் உண்டு. வலது கிளச்சை அழுத்தினால் வலது சில்லுக்குப் போகும் விசை அறுந்துவிடும். சமதரையில் இடது சில்லு தள்ள, இயந்திரம் வலது பக்கம் திரும்பும். இறக்கத்தில் நடப்பது வேறு. பின்னால் பெட்டியின் பாரம் தள்ளுகிறது. இடது சில்லை எஞ்சின் பிடித்து வைத்திருக்கிறது. விசை அறுந்த வலது சில்லோ கட்டுப்பாடில்லாமல் வேகமாக உருளுகிறது. இயந்திரம் இடது பக்கம் திரும்பிவிடும்! மலைப்பாதையில் ஒரு பக்கம் பள்ளம் என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இது இயந்திரத்தின் பழுதல்ல. அதன் அமைப்பே அப்படித்தான். ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே சின்ன கியரைப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் கியர் மாற்றவோ மெயின் கிளச்சை விடவோ கூடாது. திருப்புவதைக் கைப்பிடியின் பலத்தால் செய்ய வேண்டும்.

வாங்குமுன் பழகிய ஒருவரைக் கொண்டு, முதலில் வெறும் பெட்டியுடனும் பிறகு அரைப் பாரத்துடனும் உங்கள் பாதை போன்ற இறக்கத்தில் ஓட்டச் செய்யுங்கள். பெட்டிக்குத் தனி பிரேக் இருக்கிறதா, பிடித்தால் உண்மையில் நிற்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவற்றில் ஒன்றின் எஞ்சின் புதியது போல் ஓடியது, ஆனால் பெட்டியின் பிரேக் கம்பி பெயருக்குத்தான் தொங்கியது. அதை வேண்டாமென்றோம். டயர் பல் தேய்ந்திருந்தாலும் ஈர மண்ணில் வழுக்கும். வடகீழ்ப் பருவ மழைக் காலத்தில் எங்கள் பாதைகள் சவர்க்காரம் போல இருக்கும். உழும்போதும் சரிவுக்குக் குறுக்காகவே உழுங்கள். மேலிருந்து கீழாக உழுதால் மழை மண்ணை வாரிக்கொண்டு போய்விடும்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கம், சட்டக இலக்கம் இரண்டும் இயந்திரத்தில் உள்ளவையோடு ஒத்திருக்க வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீங்கும்வரை பணம் கொடுக்காதீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட கணவரின் பெயரில் உள்ள இயந்திரத்தை ஒரு சகோதரி விற்க வந்தால் அவரை அலையவிடாதீர்கள். 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி காணப்படாமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. அதைக் கொண்டு எதுவரை செய்யலாம் என்று பிரதேச செயலகத்தில் இருவரும் சேர்ந்தே கேளுங்கள்.

கடைசியாகக் காசு. நுண்கடன் எடுத்து வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. வாரத் தவணை வாரந்தோறும் வரும், லீக்ஸ் வாரந்தோறும் வராது. அந்தக் கடன்களில் பெண்கள் பட்ட பாட்டால்தான் 2018 இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்தது. ஐந்து பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்து வாங்கலாம். பதிவு ஒருவர் பெயரில்தான் இருக்கும் என்றால் மற்ற நால்வரின் பங்கையும் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு வையுங்கள். டீசல் யார் போடுவது, பழுதுக்கு யார் கொடுப்பது, அறுவடை வாரத்தில் யாருக்கு முதல் நாள் என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.