வீட்டுக் கூரையைத் திருத்துதல்: வேலையும் காலமும்
(விளக்கக் கட்டுரை – மாதிரி)

மாணவர்களே, ஒரு செயல் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை ஒழுங்குமுறையாக எடுத்துரைப்பதே விளக்கக் கட்டுரையாகும். கூரை திருத்துவதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஆயினும் ‘எத்தனை நாள் செல்லும்?’ என்று கேட்டால் பலர் ‘இரண்டு நாள்’ என ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகின்றனர். உண்மையில் விடை மூன்று விடயங்களில் தங்கியுள்ளது: கூரை எதனால் ஆனது, பழுது எங்குள்ளது, வேலை எப்போது தொடங்குகின்றது.

1. ஒழுக்கைக் கண்டறிதல்

வெடித்த ஓட்டினூடாகப் புகும் நீர் சிலாகை, கைமரம் ஆகியவற்றின் வழியே ஓடிச் சற்றுத் தள்ளியே சொட்டும். ஆகவே சொட்டும் இடத்திற்கு நேர்மேலே பார்ப்பது மட்டும் போதாது. அங்கிருந்து முகடு வரை பார்க்க வேண்டும். நண்பகலில் கதவு, யன்னல்களைச் சாத்திவிட்டு மேலே நோக்கினால் வெளிச்சம் தெரியும் இடங்கள் புலப்படும். இதற்கு அரை மணித்தியாலம் போதும்.

2. கூரை வகையும் காலமும்

(அ) கிடுகு, பனையோலை: கிடுகு ஓரிரு ஆண்டுகளில் உக்கிவிடும். பனையோலை அதைவிடச் சிறிது கூடுதலாக நிற்கும். ஓலை ஆயத்தமாக இருந்து, அயலவரும் கைகொடுத்தால் சிறிய வீட்டை ஒரே நாளில் மேய்ந்துவிடலாம்.

(ஆ) தகரம்: மலையக லயன் அறைகளில் இதனைப் பெருமளவு காணலாம். ஆணித் துளையைச் சுற்றியே பெரும்பாலும் துரு பிடிக்கும். ஆணியையும் வாசரையும் மாற்ற அரை நாள் போதும்.

(இ) ஓடு: ஒன்றிரண்டு ஓடுகளை மாற்ற ஓரிரு மணித்தியாலம் செல்லும். முகட்டு ஓடுகளைக் கழற்றிப் புதுச் சாந்து வைக்க ஓரிரு நாள் செல்லும். அதன்பின் ஏறத்தாழ ஒரு வாரம் சாந்தை ஈரமாக வைத்திருக்க வேண்டும். மரங்களையும் மாற்றி முழுக்கூரையையும் பிரித்து மேய்வதாயின் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை எடுக்கலாம்.

3. கணித்துப் பார்ப்போம்

இரு பக்கமும் சரிந்த கூரையொன்றின் ஒவ்வொரு பக்கமும் 10 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்டதெனக் கொள்வோம். மொத்தப் பரப்பு 80 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 15 தட்டையோடுகள் வீதம் 1200 ஓடுகள் தேவை. ஓடொன்று ஏறத்தாழ 2.5 கிலோகிராம் எனின் மொத்த நிறை 3000 கிலோகிராம். இந்தப் பாரத்தை மரங்களே தாங்குகின்றன. எனவே கறையான் அரித்த கைமரத்தின்மேல் புது ஓடு வைப்பது பயனற்றது மட்டுமன்றி ஆபத்தானதுமாகும்.

பிரித்து மேயும் வேலைக்கு 12 மனித நாட்கள் தேவையெனின், மூவர் 4 நாளிலும் அறுவர் 2 நாளிலும் முடிப்பர். ஆனால் சாந்து இறுகும் காலம் ஆட்களைக் கூட்டுவதால் குறையாது. ‘ஆட்கள் இருமடங்கானால் நாட்கள் பாதியாகும்’ என்னும் விதி எல்லா வேலைக்கும் பொருந்தாது என்பதை இங்கு கவனிக்க.

4. எப்போது தொடங்குவது?

வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்யும். ஆதலால் ஆவணியிலேயே வேலையைத் தொடங்குவது நன்று. தென்மேற்குப் பருவமழை மே மாதமளவில் தொடங்கும் மேற்குப் பகுதிகளிலும் மலையகத்தின் மேற்குச் சரிவிலும் சனவரி முதல் மார்ச் வரையான காலம் ஏற்றது. எப்போது தொடங்கினாலும் ஒரு நாளில் மூடக்கூடிய அளவையே அன்று பிரிக்க வேண்டும். தறப்பாள் கைவசம் இருத்தல் அவசியம்.

5. உயிர்ப் பாதுகாப்பு

அஸ்பெஸ்ரஸ் தகடு பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும் பழையது காலடியில் உடைந்து ஆளை வீழ்த்திவிடும். கைமரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டே ஏற வேண்டும். இதனை வாளால் அறுத்தாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கும். அவற்றைச் சுவாசிப்பதால் நுரையீரல் நோய்களும் புற்றுநோயும் ஏற்படலாம். அவை பல ஆண்டுகளின் பின்னரே வெளிப்படும். எனவே தகட்டை நீரால் நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். வேலை செய்வோர் அதற்கென உள்ள சுவாசக் கவசத்தை அணிய வேண்டும். சாதாரண துணி போதாது. பிள்ளைகள் அருகில் நிற்கலாகாது.

புத்தகம் நனைகின்றதே என்று அவசரப்பட்டு மழையில் நீங்கள் கூரையில் ஏற வேண்டாம். பாசி படிந்த ஓடு வழுக்கும். புத்தகத்தைப் பொலித்தீன் பையிலிட்டு, சொட்டும் இடத்தில் வாளியை வைத்து, மழை விட்டபின் பெரியவர்களிடம் கூறுங்கள். நனைந்த புத்தகத்தைக் காயவைக்கலாம். முறிந்த முதுகெலும்பைச் சீராக்குவது அவ்வளவு எளிதன்று.

பயிற்சி
1. ஒழுகும் இடமும் சொட்டும் இடமும் வேறுபடுவதேன்?
2. மேற்கூறிய கூரையைப் பிரித்து மேய நால்வருக்கு எத்தனை நாட்கள் செல்லும்? அதனுடன் சாந்து இறுகும் காலத்தையும் சேர்த்து விளக்குக.
3. ‘கிணறு இறைத்துத் துப்புரவாக்கல்’ என்னும் தலைப்பில் இதே ஒழுங்கில் ஒரு விளக்கக் கட்டுரை எழுதுக.