கார் பேட்டரிக் கசிவு: அளவீடும் உரிமையும்

கார் பேட்டரியின் மேற்பரப்பில் ஈரம் படிந்து, அதன் டெர்மினல்கள் வெண்மையாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ பூத்துப்போனால், பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டதென்று கருதி, பழையதைக் கொடுத்துப் புதியதை எக்ஸ்சேஞ்சில் வாங்கிவிடுவதே பொதுவான வழக்கம். ஆனால் கசிவின் வேர் பல நேரங்களில் பேட்டரிக்கு வெளியே இருக்கிறது. இயந்திரம் ஓடும்போது மின்சாரம் ஆக்கித் தரும் ஆல்டர்னேட்டர், அதாவது மெக்கானிக்குகள் பழைய பழக்கத்தில் இன்றும் ‘டைனமோ’ என்றே அழைக்கும் கருவி, அளவுக்கு மீறி மின்னேற்றினால் நல்ல பேட்டரியும் கொதித்து வழியும். இதை அளந்து பாராமல் பேட்டரியை மட்டும் மாற்றுபவர், அதே செலவை மறுபடியும் செய்ய நேர்வதோடு, வாரண்டி கோரும்போது கையில் சான்று ஏதுமின்றியும் நிற்கிறார்.

வழக்கமான 12 வோல்ட் பேட்டரியில், ஈயத் தகடுகள் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும் ஆறு செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். மின்னேற்றம் மிகும்போது அமிலத்திலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து, குமிழிகளோடு அமிலத் துளிகளையும் மூடித் துளைகளின் வழியே வெளியேற்றுகிறது. ஆகவே மூடிகளைச் சுற்றிய ஈரமும், அழுகிய முட்டை போன்ற வாடையும், உப்பிய பக்கச் சுவரும் மிகை மின்னேற்றத்தையே முதலில் சுட்டும். அடிப்பக்க விரிசலோ, பிடிப்பட்டை தளர்ந்ததால் ஏற்படும் அதிர்வையோ, தயாரிப்புக் குறையையோ காட்டும். ஈரம் அமிலம்தானா, வைப்பருக்கு ஊற்றிய நீரா என்ற ஐயம் எழுந்தால், ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவை அதன்மேல் தூவினால் போதும். அமிலமானால் சீறி நுரைக்கும், வெறும் நீரானால் கரைந்துவிடும். அந்தச் சோடா மூடித் துளை வழியே உள்ளே இறங்கினால் செல் கெடும் என்பதால் மூடிகள் இறுகியிருப்பதை முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரணத்தை உறுதிசெய்யும் கருவி மல்டிமீட்டர். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில், முழு மின்னேற்றமுள்ள பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே சரிந்தால் ஏறக்குறைய காலி. இயந்திரத்தை ஓடவிட்டு, ஏசியையும் முகப்பு விளக்கையும் போட்ட நிலையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது முறையானது. அளவு 15-ஐத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகியிருக்க வாய்ப்பு மிகுதி. 12-ஐ ஒட்டியே நின்றால் தளர்ந்த பெல்ட், தேய்ந்த கார்பன் பிரஷ், எரிந்த டயோடு, துருப்பிடித்த எர்த் வயர் ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் கணினியே மின்னேற்றத்தைக் கூட்டிக் குறைப்பதால், அவற்றில் ஒரே ஓர் அளவை வைத்து முடிவுக்கு வரலாகாது.

திருச்சிராப்பள்ளி மாநகரைச் சேர்ந்த திருவரங்கத்தின் வாழ்முறை இச்சிக்கலுக்குத் தனி முகம் தருகிறது. உத்தர வீதியிலிருந்து மாம்பழச்சாலை, காவிரிப் பாலம் வழியாகச் சத்திரம் பேருந்து நிலையம் வரை ஏசியோடு ஊர்ந்து சென்று திரும்பும் கார், ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரத்தைக்கூட முழுதாக ஈட்டாமல் போகலாம். தெருவில் நிற்கும் காரிலும் கடிகாரம், அலாரம் முதலியவை 50 மில்லிஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி குறையும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தையொட்டி இரு வாரம் எடுக்காமல் விட்டாலே 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிடும். இதனோடு 40 டிகிரியைத் தொடும் கோடை வெயில் சேர்ந்து செல்களின் நீரை வற்றச்செய்கிறது. நீர் விடும் வகைப் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஒன்றே ஏற்றது. போர் தண்ணீரும் கேன் தண்ணீரும் தாது உப்பு கலந்தவை. ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றும் வீட்டுச் சிக்கனமோ, உலோகத் தகடுகளைக் கழுவி வந்த நீரைச் செல்லுக்குள் சேர்க்கிறது.

ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும் என்பதால் கசியும் பேட்டரியின் அருகே தீக்குச்சியும் சிகரெட்டும் கூடாது. நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்ட வேண்டும். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வாரண்டி பெரும்பாலும் இரு பகுதிகளாக அமைகிறது: முதற்பகுதியில் இலவச மாற்று, இரண்டாம் பகுதியில் விலையில் விகிதக் கழிவு. மிகை மின்னேற்றமும் உடைப்பும் விலக்குகளாக அதில் எழுதப்பட்டிருப்பதால், ‘உங்கள் வண்டியில்தான் கோளாறு’ என்று கடை மறுப்பதற்கு வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. அப்போது ஆல்டர்னேட்டர் சரியாக இருந்ததைக் காட்டும், தேதியும் வோல்ட் அளவும் எழுதிப் பட்டறை முத்திரையிட்ட சீட்டே நுகர்வோரின் முதற்சான்று. பில்லும், வரிசை எண் குறித்த வாரண்டி கார்டும் அதனோடு சேர வேண்டும். பில் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே வகைப்படுத்துகிறது.

பலர் தவறவிடும் இடம் எக்ஸ்சேஞ்சு. பழைய பேட்டரியைக் கடையில் ஒப்படைத்த கணமே, குறைபாட்டை மெய்ப்பிக்கும் பொருள் கைவிட்டுப் போகிறது. குறையுள்ள பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க அச்சட்டத்தின் 38ஆம் பிரிவு இடம் தருவதால், முறையீடு செய்ய எண்ணுபவர் அதைப் பிளாஸ்டிக் தொட்டியில், காற்றோட்டமான, குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்துப் படமெடுத்துக்கொள்வது நல்லது. முதலில் விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். பயனில்லையெனில் திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். செலுத்திய விலை 5 லட்சத்துக்கு உட்பட்டால் கட்டணமில்லை. வழியில் வண்டி நின்று மதுரையில் வாங்கிய பேட்டரியானாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 34ஆம் பிரிவு உரிமை தருகிறது.

வழக்கு முடிந்தபின், அல்லது வழக்கே வேண்டாமென்றால், அந்தப் பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்த்து வெளியேற்ற 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இடந்தரவில்லை. சேகரிப்பு, புதுப்பிப்பு, மறுசுழற்சியில் ஈடுபட்டிருப்போரிடம் ஒப்படைப்பது நுகர்வோரின் கடமை. குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டிப் படமும் ஈயத்தைக் குறிக்கும் ‘பிபி’ என்ற வேதிக் குறியீடும் பேட்டரியின் மேலேயே அச்சிடப்படுவது இதனால்தான். முறைசாரா இடங்களில் பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பது எங்கே கொண்டுவிடும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலின் தலைநகர் டக்கார் அருகேயுள்ள தியாராய் சூர் மேர் பகுதி சான்று: 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான ஐந்து மாதங்களில், ஈயம் படிந்த மண்ணில் புழங்கிய 18 குழந்தைகள் அங்கே இறந்தனர்.