சிவப்பு உருளையும் பழகிய கையும்

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் கல்பாக்கம் வரும். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் சோதனை வேக ஈனுலை ஒன்று இருக்கிறது. 1985 அக்டோபரில் அதில் முதன்முதலாகத் தொடர்வினை தொடங்கியது. அவ்வுலையின் வெப்பத்தை எடுத்துச் செல்வது தண்ணீர் அன்று, உருகிய சோடியம்!

பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 98 டிகிரி செல்சியசில் உருகும். 883 டிகிரி வரை கொதிக்காது. ஆகவே அதிக அழுத்தம் இல்லாமலே மிகுந்த வெப்பத்தைச் சுமந்து செல்லும். ஆனால் சூடான சோடியம் குழாயிலிருந்து கசிந்து காற்றைத் தொட்டால் தானாகவே தீப்பற்றும். 1995 டிசம்பர் 8 அன்று ஜப்பானின் மோன்ஜு உலையில் சுமார் 640 கிலோ சோடியம் இப்படிக் கசிந்து எரிந்தது.

அப்படியொரு தீயின் எதிரே நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். உடனே கை எதைத் தேடும்? தண்ணீரைத்தான். ஆனால் சோடியம் தண்ணீருடன் சேர்ந்தால் ஹைட்ரஜன் வெளிப்படும், அது வெடிக்கும். கார்பன்-டை-ஆக்சைடும் இங்கே உதவாது. எரியும் சோடியம் அதனுடனும் வினைபுரியும். உலோகத் தீக்கென்றே உள்ள உலர்ந்த பொடியால் மூடி, காற்றுப் படாமல் செய்வதே வழி.

சாதாரணத் தொழிற்கூடங்களிலும் இதே கதைதான். இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலைநகர் போன்ற தொழிற்பேட்டைகளில் மரம், காகிதம், எண்ணெய், மின்சாரப் பலகை எல்லாம் அருகருகே இருக்கும். மரம் எரிந்தால் தண்ணீர் நல்லது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,260 கிலோஜூல் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. எரியும் எண்ணெயில் ஊற்றினாலோ எண்ணெய் மிதந்து தீயைப் பரப்பும். மின்சாரத் தீயில் பீய்ச்சினால் நீரின் வழியே மின்சாரம் கைக்கு வரலாம். எண்ணெய்க்குப் பொடி அல்லது நுரை. மின்சாரப் பலகைக்குக் கார்பன்-டை-ஆக்சைடு.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாதா? போதாது. ஆறு கிலோ பொடி அடைத்த தீயணைப்பான் சுமார் கால் நிமிடத்தில் காலியாகிவிடும். பழக்கமில்லாதவர் பாதுகாப்பு ஊசியை இழுக்க மறந்து பிடியை நெரிப்பார்; பிறகு சுவாலையின் உச்சியைக் குறிபார்ப்பார். பொடி வீணாகும், தீ நிற்கும். எரிபொருள் இருப்பது அடியில் அல்லவா? ஊசியை இழு, அடியைக் குறிபார், பிடியை அழுத்து, இருபுறமும் வீசு என்னும் நான்கு செயல்களும் யோசிக்காமலே நடக்க வேண்டும். அதற்குத்தான் ஆண்டுதோறும் பயிற்சி.

பயிற்சி இடத்தையும் அறிந்திருக்க வேண்டும். நம் கடற்கரையில் பிற்பகலில் பெரும்பாலும் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். திறந்தவெளியில் அக்காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். எதிர்த்து நின்றால் புகையும் பொடியும் நம் முகத்தில்தான். வெளியேறும் வழியும் முதுகுப்புறம் இருக்கட்டும். உப்புக்காற்று உருளையைத் துருப்பிடிக்கச் செய்யும். ஈரம் புகுந்தால் பொடி கட்டிப்படும். ஆகவே கருவியையும் அடிக்கடி சோதிக்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு புதிர். பொடிக் கருவியில் அழுத்தமானி உண்டு. கார்பன்-டை-ஆக்சைடு உருளையில் ஏன் இல்லை? உள்ளே திரவம் கொஞ்சம் எஞ்சியிருக்கும்வரை, வெப்பநிலை மாறாவிட்டால், ஆவியின் அழுத்தமும் மாறாது. பாதி காலியானாலும் முள் அசையாது! எனவே அதை எடை போட்டுத்தான் பார்க்கிறார்கள்.

தீ விபத்தில் வெளியேறும் வழியைத் தொழிலாளர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும், அப்போது செய்ய வேண்டியவற்றில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 38ஆம் பிரிவில் கூறியது. பயிற்சியின் இன்னொரு பாடம், எப்போது விலக வேண்டும் என்பது. ஒரு கருவிக்கு அடங்காத தீயென்றால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐ அழைக்க வேண்டும். அது கோழைத்தனம் அன்று.

மாணவர்களே, உங்கள் பள்ளிச் சுவரிலும் ஒரு சிவப்பு உருளை தொங்கக்கூடும். அது எந்தத் தீக்கு உரியது? கடைசியாகச் சோதித்த தேதி என்ன? அதை இயக்கிப் பழகியவர் யார்? நாளை காலை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் விடை கிடைத்தால்தான் அது தீயணைப்பான். இல்லையேல் சுவரில் தொங்கும் வெறும் இரும்பு.